கல்யாண வீடியோவுக்கு ஆள் பிடிப்பதற்கு முன்

கல்யாண வீடியோவுக்கு ஆள் தேடத் தொடங்கியவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு குழப்பம் வந்துவிடும். பார்க்கிற எல்லாமே நன்றாக இருக்கிறது. மெதுவாக அசையும் திரைச்சீலை, சிரித்துக்கொண்டே திரும்பும் மணமகள், உயரத்திலிருந்து இறங்கி வரும் ட்ரோன் காட்சி, பின்னால் உருக்கமான இசை. பத்துப் பேர் போட்டிருப்பதைப் பார்த்தால் பத்தும் ஒரே அச்சு. கடைசியில் யார் குறைவாகக் கேட்கிறார்கள் என்று மட்டும் பார்த்து ஒருவரைப் பேசி முடித்துவிடுகிறோம்.

விளம்பரத்துக்குப் போடுவது, பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கி எடுத்த சில விநாடிகள். ஒரு நாள் முழுக்கப் படம் பிடித்தால் மணிக்கணக்கில் ஃபுட்டேஜ் சேரும். அதிலிருந்து அழகான மூன்று நிமிடத்தை வெட்டி எடுப்பது சுமாரான எடிட்டருக்கும் கைவரும். ஆனால் பத்து வருடம் கழித்து நீங்கள் தேடப்போவது வேறு. அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு திணறிப் பேசிய வாழ்த்து, உறுதிமொழி சொல்லும்போது இடறிய குரல், அக்கா அடித்த கிண்டலுக்குக் கூட்டமே சிரித்த சிரிப்பு. புகைப்படம் இவற்றைத் தராது. வீடியோவுக்கென்று தனியாகச் செலவு செய்வதற்கு முக்கியக் காரணமே குரல்தான் என்பது என் கட்சி. அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் ஒலியைப் பற்றிய பேச்சு வந்துகொண்டே இருக்கும்.

1. யார் பார்க்கப்போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள்

மணமக்கள் இருவரும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த வீடியோவை யார் பார்ப்பார்கள், எதில் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள்? எழுதிய பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் நண்பர்களுக்குப் போனில் அனுப்ப ஒரு நிமிடத் துணுக்கு போதும் என்று நினைத்திருப்பார். இன்னொருவர் வர முடியாமல் போன பாட்டிக்கு முழுச் சடங்கையும் டிவியில் போட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்திருப்பார். பணம் கொடுப்பது பெற்றோர் என்றால் அவர்களிடமும் கேட்டுவிடுங்கள். 'மூன்று மணி நேர வீடியோவை யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள்' என்று இளையவர்கள் சலித்துக்கொள்வார்கள். பார்க்கிறவர்கள் அதே வீட்டில்தான் இருப்பார்கள்.

அதே தாளின் பின்பக்கம் இரண்டு பட்டியல்கள். குரலோடு கட்டாயம் பதிவாக வேண்டிய தருணங்கள் ஒன்று. அதை ஐந்தாறுக்குள் நிறுத்துங்கள், ஐம்பது எழுதினால் அது பட்டியலே இல்லை. வீடியோவில் கட்டாயம் இருக்க வேண்டிய மனிதர்கள் இன்னொன்று. இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கவும் இதுதான் உதவும், கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அவர் கையில் கொடுக்க வேண்டியதும் இதுதான்.

2. பாணியைத் தேர்ந்தெடுங்கள்

இதில் வெளிப்படையாகப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரே பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் பயன்படுத்துகிறார்கள். 'நாங்கள் சினிமாட்டிக்தான் செய்வோம்' என்று சொல்பவரிடம், செய்து காட்டிய ஒன்றைப் பார்க்காமல் தலையாட்டக் கூடாது.

முழுப் பதிவு என்பது பழைய, மரியாதையான முறை. இரண்டு மூன்று கேமராக்கள், பெரும்பாலும் டிரைபாட் மேல். நடந்தது நடந்த வரிசையிலேயே, அதிகம் வெட்டாமல் வரும். கலைப்படைப்பு என்று யாரும் பாராட்ட மாட்டார்கள். ஆனால் வருடங்கள் போகப் போக இதன் மதிப்பு ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் எந்த மனிதர் முக்கியம் என்று எடிட்டர் முடிவு செய்து யாரையும் வெட்டி எறிந்திருக்க மாட்டார். வேறு எந்தப் பாணியை எடுத்தாலும், சடங்கும் வாழ்த்துரைகளும் மட்டுமாவது வெட்டாமல் தனிக் கோப்பாக வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

டாக்குமெண்டரி பாணியில் படம் பிடிப்பவர் எதையும் ஏற்பாடு செய்ய மாட்டார். 'இன்னொரு தரம் நடந்து வாருங்கள்' என்று சொல்ல மாட்டார். ஓரமாக நின்று, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்துப் பிடிப்பார். 1960-ஐ ஒட்டித் தோளில் தூக்கிப் போகக்கூடிய கேமராவும், அதோடு இசைந்து ஓடும் கையடக்க ஒலிப்பதிவுக் கருவியும் வந்த பிறகுதான் ஆவணப்படக்காரர்கள் இப்படி மனிதர்கள் பின்னாலேயே போகத் தொடங்கினார்கள். கல்யாணத்துக்கு வந்ததும் அதே முறைதான். இயல்பான ஒலிக்கு இதில் முதலிடம். படம் இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை போகும். கேமரா முன் கூச்சப்படுபவர்களுக்கு இதைவிட ஆறுதல் வேறில்லை. ஒரே எச்சரிக்கை, இதற்கு அனுபவசாலி தேவை. கற்றுக்குட்டி கையில் இது வெறும் ஆட்டம் காணும் வீடியோவாக முடியும்.

சினிமாட்டிக் என்பதைத்தான் இன்று அதிகம் பேர் கேட்கிறார்கள். ஏற்பாடு செய்த காட்சிகள், மங்கலான பின்னணி, கிம்பலில் (கேமரா ஆடாமல் தாங்கும் பிடியில்) மிதக்கும் நகர்வு, கவனமான கலர் கிரேடிங் (எடுத்த பிறகு நிறத்தைச் சீர்செய்வது), இசைக்கு ஏற்ற வெட்டு. நன்றாகச் செய்தால் பிரமாதமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு விலை உண்டு. முதலாவது நேரம். அந்தக் காட்சிகளை எடுக்க உங்கள் நாளிலிருந்து ஒரு மணி நேரமாவது போகும். அந்த நேரத்தில் நீங்கள் விருந்தினரோடு இருக்க மாட்டீர்கள். இரண்டாவது ஒலி. ஸ்லோமோஷன் எப்படி வருகிறது என்று பாருங்கள்: விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனிப் படங்கள், எடுத்து 24-ஆக ஓட்டினால் காட்சி இரண்டரை மடங்கு மெதுவாகும், 120 எடுத்தால் ஐந்து மடங்கு. மெதுவாக்கிய காட்சியோடு அதே இடத்து ஒலி ஒட்டாது. பல கேமராக்களில் ஸ்லோமோஷன் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒலி பதிவே ஆகாது. ஆகவே எல்லாவற்றையும் ஸ்லோமோஷனில் எடுக்கும் பழக்கமுள்ளவர் உங்கள் அத்தையின் சிரிப்பைப் பிடித்திருப்பார், சத்தத்தைப் பிடித்திருக்க மாட்டார்.

கதை சொல்லும் பாணி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மணமக்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதத்தை வாசிப்பது, பெற்றோரின் சிறு பேட்டி, வாழ்த்துரையிலிருந்து எடுத்த வரிகள் இவற்றைப் பின்னணிக் குரலாக ஓடவிட்டு, மேலே காட்சிகளை அடுக்குவார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே இரண்டு குடும்பத்தையும் தெரிந்துகொண்ட மாதிரி இருக்கும். ஒன்றே ஒன்றுதான் எடுக்க முடியும் என்று என்னைக் கேட்டால் இதைச் சொல்வேன். பேட்டிகளைச் சில நாள் முன்பே, அமைதியான அறையில் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். கல்யாண நாளில் அதற்கு யாருக்கும் நிதானம் இருக்காது.

டீசர், ஹைலைட்ஸ் என்பவை பாணிகள் அல்ல, நீளங்கள். டீசர் ஒரு நிமிடத்தைத் தாண்டாது, ஹைலைட்ஸ் மூன்றிலிருந்து ஆறேழு நிமிடம். எந்தப் பாணியிலும் இவற்றைச் செய்யலாம். காலையில் எடுத்ததை மாலை வரவேற்பிலேயே திரையில் ஓட்டுவது சேம் டே எடிட். பார்ப்பவர்கள் வாய் பிளப்பார்கள். அதற்கு இடத்திலேயே உட்கார்ந்து வெட்ட ஒரு தனி எடிட்டர் வேண்டும், எதையும் நிதானமாகச் சரிபார்க்க நேரமிருக்காது. இருக்கிற பணத்தை இதில் போடுவதைவிட இன்னொரு கேமராமேனுக்குப் போடலாம் என்பது என் எண்ணம்.

இப்போது சிலர் சூப்பர் 8 ஃபிலிமில் எடுத்துத் தருகிறார்கள். கோடாக் நிறுவனம் 1965-இல் கொண்டுவந்த வடிவம் அது. 50 அடி ஃபிலிம் கொண்ட ஒரு கார்ட்ரிட்ஜ் (கேமராவில் செருகும் ஃபிலிம் பெட்டி) விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் இரண்டரை நிமிடம்தான் ஓடும், 18 ஃபிரேமில் மூன்று நிமிடம் இருபது விநாடி. ஒலி கிடையாது. எடுத்ததைக் கழுவி, ஸ்கேன் செய்து, அதன் பிறகுதான் என்ன வந்திருக்கிறது என்றே தெரியும். அந்தப் பழைய நிறத்தின் மேல் ஆசை இருந்தால் டிஜிட்டல் பதிவோடு ஊறுகாய் மாதிரி ஒன்றிரண்டு கார்ட்ரிட்ஜ் சேர்த்துக்கொள்ளலாம். முழு நாளையும் அதை நம்பி விட வேண்டாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தந்தக் காலத்தில் ஓடும் கலர் கிரேடிங் அந்தந்தக் காலத்தோடு பழசாகிவிடும். மனிதர்களின் தோல் நிறம் நேரில் இருக்கிற மாதிரியே தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். கறுப்பு நிறத்தவரை வெளுப்பாக்கி, எல்லோரையும் ஒரே பழுப்பில் முக்கி எடுக்கிறவர் என்றால் எவ்வளவு பேர் பெற்றவராக இருந்தாலும் வேண்டாம்.

3. மூன்று நான்கு பேரைப் பிடியுங்கள்

இதில் பெரிய ரகசியம் இல்லை. தேதியைச் சொல்லி, அந்த நாள் காலியாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எல்லோரும் கல்யாணம் வைக்கிற பருவத்தில் உங்கள் தேதி விழுந்தால் நல்லவர்கள் பல மாதம் முன்பே நிறைந்துவிடுவார்கள். உங்கள் புகைப்படக்காரரிடமும் மண்டபத்துக்காரரிடமும் விசாரியுங்கள். யார் நேரத்துக்கு வருகிறார், யார் கூட்டத்தில் கத்துகிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இதற்கு முன் வீடியோ எடுத்துக்கொண்ட தம்பதியிடம் பேச முடிந்தால் 'நன்றாக இருந்ததா' என்று கேட்காதீர்கள், 'சொன்ன தேதிக்குக் கைக்கு வந்ததா' என்று கேளுங்கள்.

4. ஒரு முழுக் கல்யாணத்தைப் பாருங்கள்

இந்தப் படியை மட்டும் யாருக்காகவும் தாண்டிப் போகாதீர்கள். தேர்ந்தெடுத்த மூன்று நான்கு பேரிடமும், ஒரே கல்யாணத்துக்கு அவர்கள் கடைசியாகக் கொடுத்த முழு வீடியோவைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு: பகலில் நடந்த ஒன்று, இரவில் உள்ளரங்கில் நடந்த ஒன்று. வாடிக்கையாளரின் அந்தரங்கம் கருதி லிங்க் அனுப்பத் தயங்கினால், அது நியாயம்தான். சம்மதம் கொடுத்த ஒரு தம்பதியின் வீடியோவை அவர்கள் இடத்துக்கே போய்ப் பார்க்கலாம். எதுவுமே காட்ட மாட்டேன், ஹைலைட்ஸ் மட்டும்தான் என்று சொல்பவரை விட்டுவிடுங்கள்.

ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள். முதலில் வாழ்த்துரை வருகிற பகுதிக்குப் போய் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுகிறதா? கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல எதிரொலி இருக்கிறதா? கைதட்டும்போது ஒலி கரகரத்து உடைகிறதா? பேச்சு வரவேண்டிய இடத்தில் திடீரென்று பாட்டை ஏற்றியிருந்தால் சந்தேகப்படுங்கள். பதிவாகாத குரலை மூடி மறைக்க எடிட்டர்கள் செய்யும் வேலை அது.

அப்புறம் இரவுக் காட்சிகள். வெளிச்சம் குறைந்த இடத்தில் முகம் புள்ளி புள்ளியாகக் குழம்பியிருக்கிறதா? மேடையில் நீலம், சிவப்பு எல்இடி விளக்கு விழும்போது முகம் ஒரே வண்ணத் திட்டாக மாறிவிடுகிறதா? திரையில் மெல்லிய பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றனவா? மின்சாரம் நாட்டைப் பொறுத்து விநாடிக்கு 50 அல்லது 60 சுழற்சியில் வருகிறது. பல விளக்குகள் அதற்கேற்பத் துடிக்கின்றன. கேமராவின் ஷட்டர் வேகத்தை அதற்குப் பொருந்த வைக்காவிட்டால் பட்டைகள் தெரியும். அடிப்படை தெரிந்தவர் இதைத் தவிர்த்துவிடுவார். எங்காவது ஒரு ஃபிரேமில் பாதி மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தால் அதை மன்னிக்கலாம், புகைப்படக்காரரின் ஃபிளாஷ் அடித்தது அது.

காட்சி நிற்கிறதா என்றும் கவனியுங்கள். இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டு என்று போய்க்கொண்டே இருந்தால், நிலைத்து நிற்கும் நல்ல ஷாட் அவரிடம் இல்லாமலும் இருக்கலாம். முக்கியமான தருணத்தில் யாராவது குறுக்கே வந்து மறைத்தால் இரண்டாவது கோணம் கைகொடுத்திருக்கிறதா? கடைசியாக, மணமக்களை விட்டு யாரையெல்லாம் எடுத்திருக்கிறார் என்று பாருங்கள். அலங்காரமும் செருப்பும் மோதிரமும் நிறைந்து, வயதானவர்களின் முகமே இல்லாத வீடியோ எத்தனையோ உண்டு.

5. ஒலியை எப்படிப் பிடிப்பார் என்று கேளுங்கள்

'சடங்கின்போது ஒலியை எத்தனை இடத்திலிருந்து எடுப்பீர்கள்?' இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலே பாதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேமராவில் பொருத்திய மைக் போதும் என்று சொன்னால் தேறாது. கேமரா இருபது அடி தள்ளி நிற்கிறது, நடுவில் குழந்தைகள், நாற்காலிச் சத்தம், மின்விசிறி. பேசுபவரின் உடையில் காலர் மைக், அதோடு சட்டைப் பையில் தானே பதிவு செய்துகொள்ளும் சிறிய ரெக்கார்டர், ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸரிலிருந்து நேரடி இணைப்பு, இதற்கெல்லாம் பின்னால் அவசரத்துக்குக் கேமரா மைக். இந்த நான்கில் குறைந்தது இரண்டாவது ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒயர்லெஸ் மைக் கூட்டமான இடத்தில் மற்ற அலைவரிசைகளோடு மோதி அறுந்து போகலாம். பையில் இருக்கும் ரெக்கார்டருக்கு அந்தக் கவலை இல்லை. மிக்ஸரிலிருந்து வரும் ஒலி சுத்தமாக இருக்கும், ஆனால் அதில் கூட்டத்தின் சிரிப்பு இருக்காது. அதனால்தான் இரண்டையும் எடுத்துக் கலக்க வேண்டியிருக்கிறது.

சில ரெக்கார்டர்களில் 32-பிட் ஃப்ளோட் என்றொரு வசதி இருக்கும். திடீரென்று யாராவது மைக்கில் கத்தினாலும் எடிட்டிங்கில் ஒலியைக் குறைத்துச் சரிசெய்ய இடம் கொடுக்கும். இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. அதைவிட முக்கியம், பதிவாகும்போது யாராவது ஹெட்போனில் கேட்டுக்கொண்டு நிற்பார்களா என்பது. நிற்க மாட்டார்கள் என்றால், மைக் செத்துப் போனதை எடிட்டிங் மேசையில்தான் கண்டுபிடிப்பார்கள்.

6. ஆளையும் கருவியையும் விசாரியுங்கள்

முதல் கேள்வி, வரப்போவது யார்? நீங்கள் ரசித்த வீடியோவை எடுத்தவர் ஒருவர், உங்கள் கல்யாணத்துக்கு அனுப்பப்படுபவர் இன்னொருவர் என்பது பெரிய ஸ்டூடியோக்களில் சகஜம். அது தவறே இல்லை, ஆனால் அப்படியென்றால் வரப்போகிறவர் எடுத்ததைப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்றும் கேளுங்கள். சிறிய கல்யாணத்துக்கு ஒரு திறமைசாலியும், ஆளில்லாமல் நின்றபடி ஓடும் ஒரு கேமராவும் போதும். இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் ஏதாவது நடக்கும் என்றால் இரண்டு பேர் கட்டாயம்.

கருவி விஷயத்தில் கேமராவின் பெயரைக் கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியது மாற்றுக் கேமரா உண்டா, ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிவாகுமா என்பவைதான். கார்டு எப்போதாவது பழுதாகும், அன்றைக்கே ஆகும். பல பழைய ஸ்டில் கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடி ஆனதும் பதிவை நிறுத்திவிடும். அரை மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதி வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி வரி போட்டதால் வந்த வரம்பு அது. அப்படிப்பட்ட கேமராவை வைத்திருப்பவர் நீண்ட சடங்கில் எப்போது மறுபடி பொத்தானை அழுத்துவார் என்று கேட்டு வையுங்கள்.

4கே வேண்டுமா என்றால், இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண எச்டியின் 1920 x 1080 அளவோடு ஒப்பிட்டால் 4கேயின் 3840 x 2160-இல் நான்கு மடங்கு புள்ளிகள் உண்டு. எடிட்டர் கொஞ்சம் நெருக்கி வெட்டினாலும் படம் கெடாது. கோப்பும் அதற்கேற்பப் பெருக்கும்: விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஆனால் மோசமான ஒலியோடு வரும் 4கே வீடியோவைவிட நல்ல ஒலியோடு வரும் சாதாரண எச்டி எவ்வளவோ மேல்.

ட்ரோன் ஆசை இருந்தால் அனுமதி யார் பொறுப்பு என்பதைத் தெளிவாக்குங்கள். விமான நிலையத்தை ஒட்டிய இடங்களிலும் கூட்டத்துக்கு மேலேயும் பறக்கவிட நாட்டுக்கு நாடு கட்டுப்பாடு உண்டு. பல நாடுகளில் 250 கிராமுக்குக் குறைவான ட்ரோனுக்கு விதிகள் கொஞ்சம் தளர்வாக இருக்கும், அதற்காக விதியே இல்லை என்று ஆகாது. அதோடு, உறுதிமொழி நேரத்தில் தலைக்கு மேல் அது இரைந்துகொண்டிருந்தால் கீழே எந்த மைக் வைத்தும் புண்ணியமில்லை.

இதையெல்லாம் பேசும்போதே அவருடைய சுபாவத்தையும் பாருங்கள். அன்று முழுக்க உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கப்போகிறவர். உங்கள் பேச்சைக் குறுக்கே வெட்டுகிறவர் சடங்கையும் வெட்டுவார்.

7. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்

தெரிந்தவர், சொந்தக்காரர், நண்பனின் நண்பன் யாராக இருந்தாலும் சரி, எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் 'சரி சார், பண்ணிடலாம்' என்று வந்த பதில் ஒப்பந்தம் ஆகாது.

என்னென்ன கைக்கு வரும் என்பது முதலில்: எத்தனை வீடியோ, ஒவ்வொன்றும் ஏறக்குறைய எத்தனை நிமிடம், எந்த அளவில். போனுக்கு நெடுக்குவாட்டில் ஒன்று வேண்டுமென்றால் அதையும் இப்போதே சொல்லுங்கள். அகலவாட்டில் எடுத்ததைப் பிறகு நெடுக்காக வெட்டினால் தலைகள் போய்விடும். எத்தனை மணிக்கு வருவார், எத்தனை மணிக்குக் கிளம்புவார், அதற்கு மேல் நின்றால் மணிக்கு எவ்வளவு. பயணம், தங்குமிடம், சாப்பாடு யார் செலவு. டீசர் எத்தனை நாளில், முழு வீடியோ எத்தனை வாரத்தில். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் வருவார். தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும்.

பணத்தை மூன்று தவணையாகப் பிரிப்பது இரு தரப்புக்கும் நல்லது: பேசி முடிக்கும்போது ஒரு பங்கு, கல்யாணத்தை ஒட்டி ஒரு பங்கு, வீடியோ கைக்கு வந்ததும் கடைசிப் பங்கு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் உங்கள் வீடியோ அவருடைய வரிசையில் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பருவம் முடிந்ததும் ஒவ்வொரு எடிட்டர் மேசையிலும் பத்துப் பதினைந்து கல்யாணங்கள் குவிந்து கிடக்கும். மீதிப் பணம் நிற்கிற வேலைதான் முதலில் நகரும்.

திருத்தம் எத்தனை முறை இலவசம் என்பதை எண்ணிக்கையாக எழுதுங்கள். ஒன்று அல்லது இரண்டு என்பது வழக்கம். பாட்டை மாற்றுவது திருத்தத்தில் சேருமா என்று தனியாகக் கேளுங்கள். இசைக்கு ஏற்ப வெட்டிய வீடியோவில் பாட்டை மாற்றினால் அவர் முழுவதையும் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.

ரா ஃபுட்டேஜ், அதாவது வெட்டாத மூலப் பதிவு, கிடைக்குமா? சிலர் தருவார்கள், சிலர் தனிப் பணம் கேட்பார்கள், சிலர் தரவே மாட்டார்கள். தராதவரைக் குற்றம் சொல்ல முடியாது. நிறம் சேர்க்காத, ஒலி இணைக்காத பதிவைப் பார்த்து யாராவது அவர் வேலையை எடைபோட்டுவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் எத்தனை மாதம் அழிக்காமல் வைத்திருப்பார் என்பதை மட்டுமாவது எழுதி வாங்குங்கள். உங்கள் வீடியோவை அவர் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முடியாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. குழந்தைகள் முகம் மட்டும் வேண்டாம் என்றும் சொல்லலாம்.

இசை உரிமை பலர் யோசிக்காத ஒன்று. உங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டைப் போடச் சொல்வீர்கள், அவரும் போட்டுக் கொடுப்பார். வீட்டில் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. யூடியூபில் ஏற்றியதும், 2007-இலிருந்து இயங்கிவரும் கன்டென்ட் ஐடி முறை பாட்டை அடையாளம் கண்டுவிடும். வீடியோ முடக்கப்படலாம், உரிமையாளரின் விளம்பரம் ஓடலாம். இணையத்தில் பகிரப்போகும் டீசருக்கும் ஹைலைட்ஸுக்கும் உரிமம் வாங்கிய இசையைப் போடச் சொல்லுங்கள். அதற்கென்றே கட்டணம் வாங்கிக்கொண்டு இசை தரும் தளங்கள் இருக்கின்றன, தொழிலில் இருப்பவர்களுக்கு அவை தெரியும்.

8. கல்யாணத்துக்கு முந்தைய வாரம்

நிகழ்ச்சி நிரலையும், முதல் படியில் எழுதிய தாளையும் கொடுங்கள். புகைப்படக்காரரும் இவரும் வேறு வேறு ஆட்கள் என்றால் ஒரு தடவை போனிலாவது பேசவிடுங்கள். சடங்கின்போது யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். அன்றைக்கு மேடையில் சண்டை போடாமல் இருக்க இது ஒன்றே வழி. ஒலிபெருக்கிக்காரரின் எண்ணையும் கொடுங்கள், மிக்ஸரில் எந்த ஒயரைச் செருக வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளட்டும்.

குடும்பத்தில் எல்லோரையும் தெரிந்த ஒருவரை அவருடன் இருக்கச் சொல்லுங்கள். 'அதோ அந்த நீலச் சட்டைக்காரர்தான் பெரிய மாமா' என்று காட்ட ஆள் இல்லாவிட்டால், உங்கள் பட்டியலில் பெரிய மாமா இருந்தும் பயனில்லை. வெளியில் படம் எடுக்க நேரம் ஒதுக்குவதென்றால் சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழ் நிழல் விழும். விருந்தினர் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்து நடைபாதையை மறைப்பது எங்கும் நடக்கிற கதை. சடங்கு முடியும் வரை போன் வேண்டாம் என்று அறிவிப்பாளரைச் சொல்ல வைத்தால் பாதிப் பேராவது கேட்பார்கள்.

9. வீடியோ கைக்கு வந்ததும்

வந்த வாரத்திலேயே முழுவதையும் பாருங்கள். திருத்தங்களைத் துண்டு துண்டாக அனுப்பாமல், நிமிடம் விநாடியோடு ஒரே பட்டியலாக எழுதி அனுப்புங்கள்: '12:40-இல் சித்தப்பா பெயர் தவறு', '31:05-இல் பேச்சு பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது'. 'இன்னும் கொஞ்சம் ஃபீலிங் வேண்டும்' என்று எழுதினால் அவருக்கும் ஒன்றும் புரியாது, உங்கள் இலவசத் திருத்தமும் ஒன்று போய்விடும்.

அலங்காரப் பெட்டியில் வரும் பென்டிரைவைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். வந்த அன்றே கோப்புகளை மூன்று பிரதி எடுங்கள், இரண்டு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கை வருடத்துக்கு ஒரு முறையாவது செருகி, கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். கோப்பு எம்பி4 வடிவில் இருந்தால் இப்போதைக்கு எதிலும் ஓடும். 1976-இல் வந்த விஎச்எஸ் டேப்பில் எத்தனையோ வீட்டுக் கல்யாணங்கள் பதிவாயின. அந்த டேப்பை ஓட்டும் கருவியைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. உங்கள் பெற்றோரின் கல்யாண டேப் பீரோவில் இன்னும் கிடந்தால், இதே வீடியோகிராபரிடம் அதையும் டிஜிட்டலாக மாற்றித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் பேசும்போதே கேட்டால் கூடுதலாக அதிகம் கேட்காமல் செய்து கொடுப்பவர்களும் உண்டு.